முருகம்மாள் அக்காவின் நாலு நாற்காலி

ஹோட்டலுக்குத் தனியாகப் போகிற பெண்ணிடம் மதுரை கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "எத்தனை பேரும்மா?" ஒருத்திதான் வந்து நிற்கிறாள் என்று கண்ணால் பார்த்த பிறகும் கேட்பார்கள். "ஒராளுதான்" என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "பின்னால யாரும் வாராங்களா?" யாரும் வரவில்லை என்று உறுதியானதும் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையைக் காட்டுவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அங்கே நின்று கையை உதறுவார்கள். ரசத்தோடு அந்தத் தண்ணீரும் இலையில் விழும்.

இதெல்லாம் நான் பட்டுச் சொல்வதல்ல. தனியாக உட்கார்ந்து ஒரு காபிகூட வெளியில் குடித்தவள் இல்லை நான். வில்லாபுரத்தில் சௌராஷ்டிரக் குடும்பம். எங்கே போனாலும் நாலு பேராகப் போய், நாலு பேராகச் சாப்பிட்டு, அந்த ஹோட்டல் சாம்பாரை அங்கேயே உட்கார்ந்து எங்கள் வீட்டு மொழியில் திட்டிவிட்டு வருவோம். மேலே சொன்னது முழுக்க முருகம்மாள் அக்கா சொல்லிக் கேட்டது. ஊரில் அவர் உட்காராத மெஸ் இல்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் என்று பார்த்தால், இடம் இல்லாத நேரத்தில் சர்வர் கொண்டுவந்து உட்காரவைத்த முன்பின் தெரியாதவர்கள்தான்.

நானும் அவரும் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் பத்தொன்பது வருடம் எதிரெதிர் மேசை. நடுவில் இரண்டு அடி இடைவெளி, அதில் ஒரு கோப்பு அடுக்கு. என்னைவிட ஆறு வயது மூத்தவர். வந்த புதிதில் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். நாலு வருடம் கழித்து ஒரு நாள், என் பையனுக்குக் காய்ச்சல் என்று நான் அழுதபோது, 'கனகு' என்றார். கனகலட்சுமி என்ற என் பெயரை அப்படிச் சுருக்கியவர் அவர் ஒருவர்தான்.

வெளியில் சாப்பிடும் பழக்கம் அவருக்கு ஆசையால் வந்ததில்லை. எங்களால் வந்தது. மதியம் ஒன்றரை மணிக்குப் பெண்கள் ஐந்து பேர் பதிவறையில் நியூஸ் பேப்பர் விரித்து உட்காருவோம். டப்பாக்கள் சுற்றி வரும், ஆளுக்கு ஒரு கரண்டி எடுப்போம். முருகம்மாள் அக்கா மாற்றலாகி வந்த முதல் நாள் கத்திரிக்காய்க் கூட்டும் ஒரு சின்ன டப்பாவில் கருவாட்டுத் தொக்கும் கொண்டுவந்தார். அந்த இரண்டு டப்பாவும் ஒரு சுற்றுச் சுற்றி, போனபடியே அவரிடம் திரும்பி வந்தன. ஒருத்திக்கு வயிறு சரியில்லை. ஒருத்திக்குக் காரம் ஆகாது. ஒருத்தி ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, ஏதோ சொன்னேன். ஆனால் எங்கள் டப்பாக்களிலிருந்து அவர் தட்டில் அள்ளி அள்ளி வைத்தோம். பெரிய மனசுக்காரிகள்!

சாதி என்ற சொல் அந்த அறையில் ஒரு நாளும் யார் வாயிலும் வரவில்லை. தேவைப்படவில்லை. அவருக்குச் சமயநல்லூரைத் தாண்டி எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுத் தெரிந்துகொண்டாயிற்று. அதற்கு மேல் வயிற்றுவலி பார்த்துக்கொண்டது.

அவர் இரண்டு வாரம் பார்த்தார். மூன்றாவது வாரம் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "காலையில சமைக்க நேரமில்லப்பா. நான் வெளியில சாப்புட்டுக்கிறேன்" என்று போய்விட்டார். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. இதை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, அன்று நிம்மதியாகத்தான் இருந்தது.

போனவர் சும்மா வரவில்லை. இரண்டேகால் மணிக்குத் திரும்பி வந்து, உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பிப்பார். ஒரு மெஸ்ஸில் கறிக் கோலா உருண்டை கேட்டதற்கு "பொம்பளையாளு ஒருத்தருக்குக் கோலாவா?" என்று சர்வர் சிரித்ததும், "ஏன், எனக்குப் பல்லு இல்லயாண்ணே?" என்று இவர் கேட்டதும். ஒரு கடையில் பக்கத்து இலைக்காரர் தன் அப்பளத்தை இவர் இலையில் வைத்துவிட்டு, தப்பு தெரிந்ததும் எடுப்பதா விடுவதா என்று விழித்தது. எதிர் நாற்காலியில் கைப்பையை வைத்து, "ஆளு வாராங்க" என்று பொய் சொல்லி, ஜன்னலோர மேசையைப் பிடித்தது. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி எட்டத்துக் கடைகளுக்கும் போவார். திங்கட்கிழமை எனக்குத் தனிக் கச்சேரி. கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்பேன்.

இலைக் கதையை மட்டும் பல தடவை சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா ஆண்டிச்சாமி அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். பண்ணை வீட்டில் கல்யாணம் என்றால் இவர்களுக்கும் சாப்பாடு உண்டு. எல்லாப் பந்தியும் முடிந்தபின், மாட்டுக்கொட்டகைப் பக்கம். சாப்பிட்டு முடித்ததும் அவரவர் இலையை அவரவரே எடுத்துக்கொண்டு போய்ப் போட வேண்டும். ஹாஸ்டலில் படித்து, பரீட்சை எழுதி, வேலையில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் மதுரையில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். முடித்ததும் இலையைச் சுருட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்கே போடுவது என்று கடை நடுவில் நின்றுகொண்டிருக்கிறார். சர்வர் பதறி ஓடிவந்து, "யம்மா, இலைய வைங்க! அதெல்லாம் நீங்க எடுக்கக் கூடாது" என்று அதட்டினாராம்.

"நான் எடுக்கக் கூடாதுன்னு ஒருத்தன் அதட்டுனது அன்னைக்குத்தான் கனகு மொத தடவ" என்று அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். "அந்த அதட்டலக் கேக்கவே மறுநாளும் போனேன்."

நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று.

வெளியே சாப்பிட்டதைத் திருநகர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சமைத்துப் பார்ப்பது அவருடைய இன்னொரு பைத்தியம். மாடியில் இரண்டு அறை வாடகை வீடு. புருஷன் கல்யாணமாகி மூன்றாம் வருடமே திருப்பூரில் வேறு குடித்தனம் பார்த்துக்கொண்டார். பிள்ளை இல்லை. அண்ணன் குடும்பம் தீபாவளிக்கு போன் பேசும். இப்படிப்பட்ட வீட்டுக்கு அக்கா ஒரு டைனிங் டேபிள் வாங்கினார், நாலு நாற்காலியோடு. "நாலு எதுக்குக்கா?" என்று கேட்டேன். "செட்டாத்தான் தருவானாம்" என்றார். ஒரு நாற்காலியில் மட்டும் பாலிதீனைக் கிழித்துவிட்டு உட்காருகிறாராம். மற்ற மூன்றும் கடையிலிருந்து வந்தபடியே இருக்கின்றனவாம். அதையும் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார்.

கறி தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு கறி உப்புமாவாக முடிந்த ஞாயிறு உண்டு. பரோட்டா மாவை வீசுகிறேன் என்று கிளம்பி, அது காலண்டர் ஆணியில் போய் மாட்டிக்கொண்ட ஞாயிறு உண்டு. தோற்றால் விடமாட்டார். அடுத்த சனிக்கிழமை அதே கடைக்குப் போய், சாப்பிட்டு, சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டு வந்துவிடுவார். சமைப்பவர்கள் பாதிப் பேர் பெண்கள் என்றும், அவர்களிடம் 'நல்லாருக்கு' என்று யாருமே வந்து சொல்வதில்லை என்றும், சொன்னால் எதை வேண்டுமானாலும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் என்றும் அவர்தான் எனக்குச் சொன்னார்.

அயிரை மீன் குழம்பு அவரை ஒரு வருடம் அலைக்கழித்தது. அயிரையை உயிரோடு வாங்கிப் பாலில் விட வேண்டும், அப்போதுதான் வயிற்றில் இருக்கிற மண்ணைக் கக்கும். பாலில் விட்ட மீன்கள் துள்ளித் துள்ளி அடுப்படி முழுக்க விழுந்து, ஒன்று அவருடைய செருப்புக்குள் போய்விட்டது. அதைப் பிடிக்கிறபோது அக்கா மன்னிப்புக் கேட்டாராம். "அதுட்ட எதுக்குக்கா மன்னிப்பு?" என்றேன். "வீட்டுக்கு வந்த உசுரு அது ஒண்ணுதான்" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார்.

கடைசியில் ஒரு ஞாயிறு குழம்பு கைகூடிவிட்டது. திங்கட்கிழமை காலை, வந்ததும் வராததுமாக ஒரு சின்னத் தூக்குச்சட்டியை என் மேசையில் வைத்தார். பத்து வருடத்துக்குப் பிறகு அவர் வீட்டுப் பாத்திரம் மறுபடி அலுவலகத்துக்கு வந்திருந்தது.

"அயிரக் கொழம்பு மறுநாத்தான் ருசி. ஒரு வாய் பாரு கனகு."

எனக்கு மீன் பிடிக்கும். எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் கறியோ மீனோ உண்டு, அது அவருக்கும் தெரியும். மூடி இடுக்கில் வந்த வாசனையில் எனக்கு எச்சில் ஊறியது. அப்படியிருந்தும் நாக்கு தானாகப் புரண்டது. "அய்யோ அக்கா, இன்னைக்குக் கிருத்திகை, நான் சுத்த சைவம்ல" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய தேதி காலண்டரைப் பார்த்தார். கிருத்திகை என்றால் அதில் அச்சடித்திருப்பார்கள். அன்றைய தாளில் திங்கட்கிழமை என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. நானும் திரும்பிப் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். அவர் தூக்குச்சட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஆமால்ல, மறந்துட்டேன்" என்றார். என் பொய்க்கு அவரே முட்டுக் கொடுத்தார்.

என் மாமியார் இருந்தவரை அவர்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்தால் வீட்டில் கலாட்டா ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ராஜகுரு இந்த மாதிரி விஷயத்தில் வாயைத் திறக்கிறவர் இல்லை. மாதம் இரண்டு முறை வில்லாபுரம் பஸ் ஸ்டாப் பக்கத்து பரோட்டாக் கடையில் குடும்பத்தோடு சாப்பிடுகிறோம். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார், மாவு பிசைந்த கை யாருடையது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இதையும் அக்காவிடம் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன், அந்தக் கடைச் சால்னா மாதிரி வராது என்று. அவர் எல்லாவற்றையும் கேட்டு மனசில் வைத்துக்கொள்கிறவர்.

போன ஜூன் மாதக் கடைசி நாள் அக்கா பணி ஓய்வு பெற்றார். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, காரில் ஏற்றி, வீடுவரை எல்லோரும் கூடப் போய் விட்டுவிட்டு வருவோம். அங்கே அந்த வீட்டுக்காரர்கள் சாப்பாடு போடுவார்கள். அக்காவுக்கு அந்த நாள் மேல் எவ்வளவு ஆசை இருந்தது என்று சித்திரை மாதமே தெரிந்துவிட்டது. கோப்புக்கு அடியில் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் பதார்த்தங்கள் எழுதி, அடித்து, மாற்றி எழுதியிருந்தார். இருபது பேருக்கு, தன் கையால்.

"அம்புட்டுப் பேரும் வீட்டுக்கு வருவாங்கல்ல கனகு? வழக்கம்தான? வராம இருக்க முடியாதுல்ல?" என்றார்.

வருவார்கள். வந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, சர்க்கரை வியாதி, விரதம், மாத்திரை என்று ஆளுக்கொன்று சொல்லி, தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார்கள். அது எனக்குப் படமாகத் தெரிந்தது. அதில் நானும் இருந்தேன். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"எதுக்குக்கா இம்புட்டுச் சிரமம்? ஹோட்டல்ல சொல்லிரலாம். அவங்களே வந்து பரிமாறிட்டுப் போயிருவாங்க."

அக்கா அந்தத் தாளை நாலாக மடித்தார். "நீ சொன்னா சரிதான்" என்றார்.

அப்படியே நடந்தது. மொட்டைமாடியில் சாமியானா போட்டு, ஹோட்டல்காரர்கள் இலை முதல் தண்ணீர் கேன் வரை கொண்டுவந்து பரிமாறினார்கள். எல்லோரும் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். "முருகம்மா வீட்டுச் சாப்பாடு பிரமாதம்" என்று ஒருத்தி ஏப்பம் விட்டாள். அவர் வீட்டு டம்ளர் ஒன்றுகூட அன்று வெளியே வரவில்லை. அக்கா கழுத்து மாலையோடு இலை இலையாகப் போய் 'நல்லாருக்கா, நல்லாருக்கா' என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஹோட்டல்காரர் சமைத்ததற்கு அவர் ஏன் அப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் யார்மேல் என்று அப்போது தெரியவில்லை.

அதன் பிறகு என் எதிர் மேசை கொஞ்ச நாள் காலியாகக் கிடந்தது. புதிதாக வந்த பெண் பவதாரிணி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பாள், நல்ல பெண்தான். திங்கட்கிழமை காலையில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை மணிக்கு டப்பாவைத் திறந்தால் சோறு இறங்கவில்லை. பத்தொன்பது வருடம் ஒரு மனுஷி தனியாகச் சாப்பிட்டதைக் கதையாகக் கேட்டுக் கேட்டு நான் வயிறு நிறைந்திருக்கிறேன் என்று மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்தபோது என்னை எனக்கே பிடிக்கவில்லை.

புரட்டாசி முடியட்டும் என்று காத்திருந்தேன். சைவ மாதம் என்கிற சாக்குக்கூட என் கைவசம் இருக்கக் கூடாது என்று தோன்றியது. ஐப்பசி முதல் சனிக்கிழமை போன் செய்தேன்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வாரேன்."

 "வா கனகு" என்றார். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து, அயிரை மீன் குழம்பாக இருக்குமா, கறி தோசையாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டே போனேன். எதுவாக இருந்தாலும் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன். மன்னிப்புக் கேட்கவும் வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன்.

மாடிப்படி ஏறும்போதே ஏதோ குறைந்தது. வாசனை இல்லை.

அக்கா இளைத்திருந்தார். சிரித்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அந்த டைனிங் டேபிளை முதல் முறையாகப் பக்கத்தில் பார்த்தேன். மொட்டைமாடி விருந்தன்று யாரும் வீட்டுக்குள் வந்திருக்கவில்லை. மேசையில் இரண்டு இலை. என் இலைக்குப் பக்கத்தில் நூல் சுற்றிய ஒரு பார்சல். ரப்பர் பேண்ட் போட்ட சால்னா பை. மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று.

"நீ எப்பவும் சொல்லுவியே, பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடை, அங்க போய் நானே வாங்கியாந்தேன்" என்றார். "கட்டுப் பிரிக்கல கனகு. நீயே பிரிச்சுக்க."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் குத்தல் துளிகூட இல்லை. விருந்தாளிக்கு எது தோதோ அதைச் செய்து வைத்திருக்கிற ஒருவரின் குரல் அது. என் வீட்டுப் பக்கத்துக் கடைக்கு அவர் பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று வாங்கிப் போயிருக்கிறார். நான் அதே பாதையில் பின்னாலேயே வெறும் வயிற்றோடு வந்திருக்கிறேன்.

"அக்கா, நான் நீங்க சமைச்சதச் சாப்பிடத்தான் வந்தேன். காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல."



"அடுப்புப் பத்த வச்சு மாசக்கணக்காச்சு கனகு" என்றார். "பக்கத்து மெஸ்ல கேரியர் வருது, ஒரு நேரம் வாங்குனா ரெண்டு நேரத்துக்கு ஆகுது. நீதான சொன்ன, எதுக்குச் சிரமம்னு. யோசிச்சுப் பாத்தேன், நெசந்தான்னு பட்டுச்சு."

"வெளியவும் போறதில்லயாக்கா? சனிக்கிழம?"

"சாப்புட்டு வந்து யார்ட்ட சொல்ல?"

அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். சிலிண்டர் மூடியிருந்தது. மண்சட்டி கவிழ்த்துக் கிடந்தது, அதன்மேல் தூசி. எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக, ஒன்றுகூடக் கலையாமல் இருந்தன. தயார் செய்து வந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன், பாலிதீன் சரசரத்தது. பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். எதிரெதிரே, பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக. பரோட்டா ஆறிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது, காரம் என்று சொன்னேன். இந்தப் பொய்யையும் அவர் கண்டுகொள்ளவில்லை. முடித்ததும் பழைய பழக்கத்தில் தன் இலையைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். என் இலைக்கும் கையை நீட்டினார். நான் விடவில்லை.

"அக்கா, காபி போட்டுத் தாங்க" என்றேன்.

"பாலில்லயே."

"கடுங்காபி போதும்."

"கடையில வாங்கியாரவா?"

"வேணாம். நீங்க போட்டுத் தாங்க. உங்க டம்ளர்ல."

அவர் அடுப்படிக்குள் போனார். லைட்டரை அழுத்தும் சத்தம் நாலைந்து தடவை கேட்டது, அப்புறம்தான் அடுப்புப் பற்றியது. பாத்திரத்தில் தண்ணீர் விழுந்தது. டப்பா ஒன்றைத் திறந்து, மூடி, வேறொன்றைத் திறந்தார். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கனகு, உனக்கு எம்புட்டு சீனி?"

 என் எந்தப் பல்லில் வலி, என் பையன் எந்தப் பாடத்தில் பெயில், வீட்டுக்காரரோடு எதற்குச் சண்டை, எல்லாம் தெரிந்தவர். இது மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விட்டதே இல்லை.

"கனகு?" என்று மறுபடி கேட்டார். "ஒரு ஸ்பூனா, ரெண்டா?"